எங்க கையால உடைச்ச கல்லு
கல்வராயன் மலையும் தொல்குடிகளின் இடங்களும்

1

கல்வராயன் மலை என்றால் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சாராயம்தான். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். கருணாபுரம் தலித் மக்கள் வாழ்கிற பகுதி. செத்தவர்களில் பலர் அன்றாடக் கூலிகள். மெத்தனால் தொழிற்சாலைச் சரக்கு, மலையில் காய்ச்சுகிற பொருள் அல்ல. ஆனாலும் போலீசு மலைக்குத்தான் ஏறியது. அடுத்த மாதமே சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து மலை மக்களின் நிலை பற்றி வழக்கு எடுத்து, ரோடு எங்கே, ஆஸ்பத்திரி எங்கே என்று அரசைக் கேட்டது. அத்தனை பேர் செத்த பிறகுதான் அந்தக் கேள்வியும் வந்தது.

இன்னொரு நினைவு செம்மரம். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 தமிழர்களை அந்த மாநிலப் போலீசு சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களிலிருந்து போன கூலிகள் அவர்கள். மலையாளிப் பழங்குடிகளும் அதில் இருந்தார்கள்.

ஆக, சாராயம் காய்ச்சுகிறவன், மரம் வெட்டுகிறவன். நம் பொதுப்புத்தியில் மலைக்காரனுக்கு இந்த இரண்டு பேர்தான். அவனுக்கு ஒரு வரலாறு உண்டு, அந்த வரலாறு கல்லாகவும் குழியாகவும் கோயில்காடாகவும் அவன் ஊரைச் சுற்றிக் கிடக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. நான் எழுத வந்தது அந்தக் கல்லைப் பற்றி. அதை உடைத்தவர்களில் எங்கள் குடும்பமும் உண்டு என்பதால் எழுதுகிறேன்.

2

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்கு அந்தப் பக்கம், மலையடிவாரம். ஊருக்கு மேற்கே சேரி, சேரிக்கும் மேற்கே கரடு. கரட்டில் தட்டையான பாறைமேல் நாலைந்து கல்வீடுகள் இருந்தன. மூணு பக்கம் பலகைக்கல்லை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடி போட்டது மாதிரி இருக்கும். ஒரு சிலதுக்கு முன்பக்கக் கல்லில் வட்டமாக ஒரு ஓட்டை. படித்தவர்கள் கல்திட்டை என்பார்கள். எங்களுக்கு அது குள்ளர் வீடு.

எங்க பாட்டி சொல்வாள்: "அந்தக் காலத்துல முழ உசர மனுசருங்க இருந்தாங்கடா. நெருப்பு மழை பெய்யப்போவுதுன்னு தெரிஞ்சிக்கிட்டு கல்லால வீடு கட்டி உள்ள போயி ஒக்காந்துக்கிட்டாங்க. மழையும் பெஞ்சிது, அவுங்களும் அப்பிடியே போயிட்டாங்க." வடதமிழ்நாட்டில் கல்திட்டை இருக்கிற பல ஊர்களில் இந்தக் கதை கொஞ்சம் மாற்றத்தோடு உண்டு. சில ஊர்களில் வாலியர் வீடு என்பார்கள், சில ஊர்களில் பாண்டவர் வீடு. அவை இரும்புக் காலத்து மக்கள் செத்தவர்களுக்காகக் கட்டிய நினைவிடங்கள் என்று நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் படித்தேன். இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு வருசம், அதற்கும் முன்னே.

எங்க அப்பா கல்லுடைக்கிற கூலி. 1979இல் ஒரு குத்தகைக்காரர் அந்தக் கரட்டை ஏலம் எடுத்தார். ரோட்டுக்கு ஜல்லி. எனக்கு அப்போது பதினோரு வயசு. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் கஞ்சித் தூக்கு எடுத்துக்கொண்டு போவேன். பெரிய பாறையில் தமரு போட்டு மருந்து வைத்து வெடிப்பார்கள். உடைந்து வந்ததை ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்து சுத்தியால் ஜல்லி ஆக்குவார்கள். லோடு கணக்குக்குக் கூலி.

குள்ளர் வீட்டுக் கல்லுக்கு வெடியே தேவையில்லை. எப்பவோ யாரோ பாறையிலிருந்து உரித்து, தூக்கி, அளவு பார்த்து நிறுத்தின பலகை. ஆப்பு வைத்து நாலு சம்மட்டி அடி போட்டால் விரிந்துவிடும். சுலபமான கூலி. பலகை முழுசாக வந்தால் சாக்கடை மூட, வாசப்படி போட தனி விலை. முதல் வீட்டை உடைக்கச் சொன்னபோது எங்க அப்பா கொஞ்ச நேரம் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றாராம். எங்க அம்மா சொன்னது. மேஸ்திரி "இன்னாய்யா, உங்க பாட்டன் ஊடா?" என்று கேட்டிருக்கிறான். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அப்பா கற்பூரம் ஒன்று கொளுத்தி வைத்துவிட்டு உடைத்திருக்கிறார். உள்ளே மண்ணும் ஓடும் இருந்தது. கறுப்பும் சிவப்புமான ஓடு. அந்த ஓட்டை நாங்கள் பாண்டி ஆட எடுத்துக்கொண்டோம்.

"உங்க பாட்டன் ஊடா?" அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மேஸ்திரி கேலிக்குக் கேட்டது. எனக்கு அது ஒரு வரலாற்றுக் கேள்வியாகவே தங்கிவிட்டது.

சேரியில் வேறு ஒன்றும் நடந்தது. கக்கூசுக்குக் குழி தோண்டினால், அடித்தளம் போடத் தோண்டினால் தாழி வரும். எங்கள் சேரி மட்டும் இல்லை. அக்கம்பக்கத்தில் நான் பார்த்த மூன்று சேரிகளில் இப்படித்தான். ஊர்க்காரன் உழாத, குடியிருக்கப் பயப்படுகிற, பழைய பிணங்கள் கிடக்கிற புறம்போக்கில் எங்களை ஒதுக்கியிருக்கிறார்கள். ஒதுக்கப்பட்ட இடமே பழைய இடமாகவும் இருக்கிறது. தாழி கிடைத்த செய்தியைத் தாசில்தாருக்குச் சொன்னால் வீடு கட்டுகிற வேலை நின்றுபோகும் என்று பயந்து உடைத்து மூடிவிடுவோம். தொல்லியல் அக்கறை இல்லாத சனங்கள் என்று நம்மைப் பற்றி எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

3

மலைக்கு நான் ஒழுங்காகப் போக ஆரம்பித்தது வாத்தியார் வேலை கிடைத்த பிறகு. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு என்று நடந்தும் லாரியில் தொத்தியும் போயிருக்கிறேன். ஆயிரம் சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரந்த மலை அது. சேலம் மாவட்டத்துப் பக்கம் பாதி, பழைய தென்னார்க்காட்டுப் பக்கம் பாதி. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனபோது இந்தப் பக்கம் அதில் சேர்ந்தது.

ஒரு ஊரில் ஆலமரத்தடியில் பிள்ளையார் மேடை. பிள்ளையார் என்று சிலை கிடையாது. விரல் நீளத்திலிருந்து முழங்கை நீளம் வரைக்கும் வழுவழுப்பான கற்கள் வரிசையாகச் சாத்தி வைத்திருந்தார்கள். ஒரு முனை கூர்மை, ஒரு முனை உருண்டை. புதிய கற்காலத்துக் கோடரிகள்! புத்தகத்தில் படம் பார்த்தவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பக்கத்திலிருந்த பெரியவர் கேட்டார்: "இன்னா சார் அப்பிடிப் பாக்கிற?"

"தாத்தா, இது எங்கேர்ந்து வந்தது?"

"காட்ட உழுவும்போது ஆப்புடும். இடி எறங்கின கல்லு. கால்ல படக்கூடாது. கொண்டாந்து சாமிகிட்ட வெச்சிடுவோம்."

"யாரு செஞ்சது?"

"மின்னாடி இருந்தவங்க செஞ்சதுன்னும் சொல்வாங்க. யாரு செஞ்சா இன்னா, நம்ம காட்டுல கெடந்திச்சி, நம்ம சாமி."

சேர்வராயன் மலையிலும் இதே வழக்கம். அங்கே மலையாளிகளின் கோயில் மேடைகளில் இருந்த கற்கோடரிகளை 19ஆம் நூற்றாண்டிலேயே பாதிரிமாரும் நிலவியல் ஆட்களும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்கால ஆயுதத்தைக் கண்டுபிடித்த இராபர்ட் புரூஸ் பூட் தமிழ்நாடு முழுக்க இப்படித் தேடி அலைந்தவர். அவர் சேர்த்ததை 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. கண்டுபிடித்தவர் என்று அவர் பேர் இருக்கிறது. நூற்றாண்டுக்கணக்காகக் கால் படாமல் எடுத்து வைத்துக் காப்பாற்றியவர்களின் பேர் எதிலும் கிடையாது. தொல்பொருளைப் பாதுகாக்கிற துறை உருவாவதற்கு முன்னாலேயே அந்த ஆலமரத்தடி ஒரு அருங்காட்சியகம்தான்.

மலையாளி என்றதும் கேரளம் என்று நினைக்க வேண்டாம். மலையை ஆள்கிறவர் என்று அவர்களே பொருள் சொல்வார்கள். காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று அண்ணன் தம்பிகள் வந்து மலைக்கு ஒருவராகப் பிரிந்தார்கள் என்பது அவர்கள் சொல்கிற கதை. சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை, கல்வராயன், ஜவ்வாது, சித்தேரி எல்லாம் அவர்கள் மலைதான். காஞ்சிபுரத்துக் கதையை வைத்துக்கொண்டு "இவர்கள் உண்மையான பழங்குடிகள் அல்ல, கீழேயிருந்து போனவர்கள்" என்று வாதம் செய்கிற ஆட்களும் உண்டு. கதை எப்படியிருந்தாலும், அந்த மண்ணின் பழைய அடையாளங்களைச் சாமியாக வைத்திருப்பது அவர்கள்தான். உரிமைக்கு அது போதாதா?

மலையின் நேற்றைய வரலாறும் கேவலமானது. தென்னார்க்காட்டுப் பக்கத்துக் கல்வராயன் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகிர்களாக இருந்தது. கிருஷ்ணதேவராயர் காலத்துப் பட்டயம் என்பார்கள். வெள்ளைக்காரன் வந்தான், போனான். 1947இல் சுதந்திரம் வந்தது. 1950இல் அரசியல் சட்டம் வந்தது. 1963இல் இனாம் ஒழிப்புச் சட்டமும் வந்தது. மலையில் ஜாகிர் அப்படியே இருந்தது. 1976 ஜூனில்தான் அரசு அதைக் கையில் எடுத்தது. அதுவரைக்கும் ஏருக்கு வரி, கொத்துக்கு வரி, கூப்பிட்டால் வெட்டி வேலை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். "ஜாகிர்தாரு ஊட்டுல கல்யாணம்னா மொத்த ஊரும் வெறகு தூக்கணும். கூலின்னு கேட்டா முதுகுல அடி." இதைச் சொன்ன பாட்டிக்கு அப்போது எழுபது வயசுக்கு மேலே.

ஜாகிர் போனது, வனத்துறை வந்தது. நேற்று வரைக்கும் ஜாகிர்தாருக்கு வரி கட்டி உழுத காடு, அரசுக் கணக்கில் காப்புக்காடு. பட்டா கிடையாது. பக்கத்துச் சித்தேரி மலையடியில் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20ஆம் தேதி வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து போய் என்ன செய்தன என்று நமக்குத் தெரியும். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேருக்கும் 2011இல் தண்டனை வந்தது. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சந்தனக் கட்டையைத் தேடிப் போனதாகச் சொன்னார்கள். காடு யாருடையது என்று காட்டிவிட்டு வரத்தான் போனார்கள்.

4

இந்த மலைகளில் தொழிற்சாலைக்கு என்ன வேலை?

சேர்வராயன், கொல்லி மலைகளில் பாக்சைட். அலுமினியத்தின் மூலக்கல். அது மலையின் உச்சியில்தான் படிந்திருக்கும். லட்சக்கணக்கான வருசம் மழை பெய்து பெய்து பாறையிலுள்ள மற்றதெல்லாம் கரைந்து போய் உச்சியில் மிஞ்சின செம்மண் பாறை அது. பஞ்சு மாதிரி மழைத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு ஊற்றாக விடும். சாமியும் உச்சியில்தான் இருக்கிறது. ஏற்காட்டில் சேர்வராயன் உச்சிக் குகைக் கோயிலில் மே மாதத்தில் மலையாளிகள் கூடித் திருவிழா எடுப்பார்கள். ஆக, சாமி, ஊற்று, பாக்சைட் மூன்றும் ஒரே இடம். மேட்டூரில் 1965இல் உற்பத்தி தொடங்கிய அலுமினியக் கம்பெனிக்கு ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் அந்த மண் இறங்கியது. 1995இல் அந்தக் கம்பெனி ஸ்டெர்லைட் குழுமத்தின் கைக்குப் போனது. பின்னாளில் வேதாந்தா என்று உலகத்துக்குத் தெரிந்த குழுமம். 2008இல் மேட்டூரில் அலுமினிய உற்பத்தி நின்றது. தோண்டின உச்சி தோண்டினபடிதான்.

திருவண்ணாமலைப் பக்கம் கவுத்தி மலை, வேடியப்பன் மலை. இங்கே இரும்பு. அரசு நிறுவனமான டிட்கோவும் ஜிண்டால் குழுமமும் கூட்டாகச் சேர்ந்து 325 ஹெக்டேர் காப்புக்காட்டில் சுரங்கம் போடத் திட்டமிட்டார்கள். 2008இன் கடைசியில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தபோது சுற்றுப்பட்டு ஊர் சனங்கள் திரண்டு போய் எதிர்த்தார்கள். திட்டம் நகரவில்லை.

வேடியப்பன் யார்? செங்கம், தருமபுரிப் பக்கத்து மக்களுக்குத் தெரியும். மாடு மீட்கப் போய், ஊரைக் காக்கப் போய்ச் செத்தவனுக்கு நட்ட கல். வில்லும் கத்தியும் பிடித்த நடுகல்லைத்தான் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். தமிழகத் தொல்லியல் துறை 1972இல் செங்கம் நடுகற்கள் என்று ஒரு தொகுப்பே போட்டது. கல்லில் எழுத்து இருந்தால் அது தொகுப்பில் ஏறும். எழுத்தில்லாத கல் வேடியப்பனாகவே நிற்கும். மலைக்கே அவன் பேர் இருந்தும் சுரங்கத் திட்ட அறிக்கைக்கு அவன் ஒரு பொருட்டில்லை. இரும்பின் சதவீதம்தான் பொருட்டு.

செங்கத்துக்கு அந்தப் பக்கம் மோட்டூரில் கல்வட்டங்களுக்கு நடுவே ஆளை விடப் பெரிய பலகைக்கல் நிற்கிறது. தோள்கள் வளைந்த தாய் உருவம். விழுப்புரம் பக்கத்தில் கீழ்வாலைப் பாறைகளில் செங்காவியில் வரைந்த ஓவியங்கள். பறவை முகம் மாதிரித் தலையுள்ள மனிதர்கள், விலங்கின்மேல் ஆள், படகு மாதிரி ஒன்று. அந்த வட்டாரம் முழுக்கக் கல்குவாரி. குவாரிக்காரனுக்கும் தொல்குடி மனிதனுக்கும் ஒரே பாறைதான் பிடிக்கிறது. வெங்காயச் சருகு மாதிரி ஏடு ஏடாக உரியும் பாறையைத் தேடித்தான் அவன் கல்வீடு கட்டினான். அதே பாறையைத் தேடித்தான் இவன் கம்ப்ரெசரோடு வருகிறான். அதனால்தான் எங்கே குவாரி வந்தாலும் அங்கே ஏதோ ஒரு பழைய இடம் செத்துப்போகிறது. இது தற்செயல் இல்லை.

5

ஆஸ்திரேலியாவில் 2020 மே 24ஆம் தேதி ரியோ டின்டோ என்கிற சுரங்கக் கம்பெனி ஜூகன் பள்ளத்தாக்கில் இரண்டு பாறைக் குகைகளை வெடி வைத்துத் தகர்த்தது. 46,000 வருசமாக மனிதர் வந்து தங்கிய இடம். புட்டு குந்தி குர்ரமா, பினிகுரா என்கிற தொல்குடி மக்களின் மூதாதையர் இடம். 2014இல் அங்கே தோண்டியபோது நாலாயிரம் வருசத்துப் பின்னல் முடி கிடைத்தது. அந்த முடியின் மரபணு இன்றைக்கு அங்கே வாழ்கிற மக்களோடு ஒத்துப்போனது. "உங்க பாட்டன் ஊடா?" என்று கேட்டால் ஆமாம் என்று ஆய்வுக்கூடமே சொன்னது! அதற்கு அப்புறமும் வெடித்தார்கள். 80 லட்சம் டன் இரும்புத் தாதுக்காக.

சட்டப்படிதான் வெடித்தார்கள். கவனிக்க வேண்டியது இதுதான். 1972இன் தொல்குடிப் பாரம்பரியச் சட்டம் என்று ஒன்று அந்த மாநிலத்தில் இருந்தது. அதன் 18ஆம் பிரிவில் மந்திரி அனுமதி கொடுத்தால் இடத்தை அழிக்கலாம். 2013இல் அனுமதி வாங்கியிருந்தார்கள். மறு வருசம் முடி கிடைத்தபோது அனுமதியைத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேட்க அந்த மக்களுக்குச் சட்டத்தில் வழியில்லை. உலகம் முழுக்கக் காறித் துப்பியபிறகு கம்பெனித் தலைவர் பதவி விலகினார். பாராளுமன்றக் குழு விசாரித்தது. புதுச் சட்டம் 2023 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. நிலக்காரர்களும் சுரங்கக்காரர்களும் கூச்சல் போட்டார்கள். ஆகஸ்டிலேயே அதைக் கைவிடுவதாக அரசு அறிவித்துவிட்டுப் பழைய சட்டத்துக்கே திருத்தத்தோடு திரும்பியது.

ஒரிசாவின் நியம்கிரியில் நடந்தது வேறு. அங்கேயும் உச்சியில் பாக்சைட், உச்சியில் நியமராஜா. கேட்டு வந்தது வேதாந்தா. 2013 ஏப்ரல் 18இல் உச்சநீதிமன்றம், மலையின்மேல் அந்த மக்களுக்குள்ள வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுகிறதா என்று கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது. 12 கிராம சபைகள் கூடின. 12ம் வேண்டாம் என்றன. டோங்ரியா கோந்த் மக்கள் நீதிபதிக்கு முன்னால் தங்கள் மொழியில் பேசினார்கள். பத்திரம் கேட்கவில்லை, கல்வெட்டு கேட்கவில்லை. எங்கள் சாமி என்று அவர்கள் சொன்னதே சாட்சியாக ஏற்கப்பட்டது.

நம் ஊரில் அரிட்டாபட்டி. மதுரை மேலூர்ப் பக்கம் 2015 ஹெக்டேரில் டங்ஸ்டன் எடுக்க 2024 நவம்பரில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஏலம் முடிந்தது. இதுவும் வேதாந்தா குழுமத்து நிறுவனம்தான். ஊர் ஊராகச் சனம் எழுந்தது. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பெரிய வெற்றி. நானும் சந்தோசப்பட்டேன்.

சந்தோசத்தோடு ஒரு கேள்வியும் வந்தது. அரிட்டாபட்டியில் தமிழ்பிராமிக் கல்வெட்டு இருக்கிறது, சமணப் படுகை இருக்கிறது, பாண்டியர் குடைவரை இருக்கிறது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டும் இருந்தது. எழுத்தும் ராசாவும் கோயிலும் இருக்கிற மலைக்குத் தமிழ்நாடு எழுந்து நின்றது. கற்கோடரியும் குள்ளர் வீடும் மட்டுமே இருக்கிற கல்வராயனுக்கு நாளைக்கு ஒரு ஏலம் வந்தால் எத்தனை பேர் எழுந்து நிற்பார்கள்? கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே ஜம்பையில் அதியமான் நெடுமான் அஞ்சியின் கல்வெட்டு 1981இல் கிடைத்தபோது தமிழ்நாடே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். அதே மாவட்டத்து ஆலமரத்தடிக் கற்கோடரி அதியமானை விடப் பழசு. அதற்கு ஒரு பலகைகூட இல்லை. எழுதத் தெரிந்தவனின் வரலாறே வரலாறு என்றால், எழுத்து மறுக்கப்பட்டவர்கள் எங்கே போவது?

பூர்வம் என்ற சொல்லை நூறு வருசத்துக்கு முன்பே அயோத்திதாசர் கையில் எடுத்தார். ஒடுக்கப்பட்டவன் இந்த மண்ணின் பூர்வ குடி என்று 1907இலிருந்து தமிழன் இதழில் எழுதினார். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் ஏற்க வேண்டியதில்லை. பூர்வத்தை நிறுவ அவர் தேடிப்போன இடங்கள் முக்கியம். சனங்களின் பண்டிகை, வழக்குச் சொல், சடங்கு, கதை. அந்த வழியில் போனால் எங்க பாட்டி சொன்ன குள்ளர் கதையும் ஆவணம்தான்.

6

சட்டம் என்ன சொல்கிறது? 1958இன் மத்தியத் தொல்லியல் சட்டமும் 1966இன் தமிழ்நாட்டுச் சட்டமும் அரசு அறிவித்த சின்னத்தைத்தான் காக்கும். அறிவிக்காத இடம் வெறும் கல். பழங்குடிப் பகுதிக் கிராம சபைகளுக்கு அதிகாரம் தருகிற 1996ஆம் வருசச் சட்டம் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டில் ஒரு அங்குலம்கூட ஐந்தாம் அட்டவணைப் பகுதி கிடையாது. கல்வராயன் மாதிரிப் பெரும்பாலும் பழங்குடிகளே வாழ்கிற மலைகூட அதில் இல்லை.

மிச்சமிருப்பது 2006இன் வன உரிமைச் சட்டம். அதன் 5ஆம் பிரிவு, தங்கள் பண்பாட்டு, இயற்கைப் பாரம்பரியத்தை அழிக்கிற எதையும் தடுக்கக் கிராம சபைக்கு அதிகாரம் தருகிறது. நியம்கிரியில் கை கொடுத்ததும் இந்தச் சட்டம்தான். தமிழ்நாட்டிலோ 2008இல் உயர்நீதிமன்றம் போட்ட இடைக்காலக் கட்டுப்பாட்டால் 2016 வரைக்கும் உரிமைப் பட்டா கொடுப்பதே முடங்கிக் கிடந்தது. இந்தச் சட்டம் இருப்பதே தெரியாத ஊர்கள் மலையில் உண்டு. நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

மலைக்காரர்களோடு நமக்குள்ள உறவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்க அப்பா புளி இறக்கக் கூலிக்கு மலை ஏறினபோது ஒரு ஊரில் குடிக்கத் தண்ணீரைக் கையில்தான் ஊற்றினார்கள். ஜாகிர்தாரிடம் முதுகில் அடி வாங்கினவனே பறையனைத் தள்ளி நிற்கச் சொன்னான். இதைச் சொல்லாமல் "தலித் பழங்குடி ஒற்றுமை" என்று மேடையில் முழங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. போன வருசம் அதே ஊரில் அதே குடும்பத்துப் பேரன், பட்டதாரி, எனக்கு டம்ளரில் டீ கொடுத்தான். "எங்க தாத்தா பண்ணது தப்பு சார்" என்றான். கருணாபுரத்தில் செத்தவனையும் சேஷாசலத்தில் செத்தவனையும் ஒரே பாடையில்தான் இந்த நாடு தூக்குகிறது என்று அவனுக்குப் புரிந்திருக்கிறது. பேச்சு அங்கிருந்துதான் ஆரம்பிக்க முடியும்.

இன்னொரு பக்கம் கல்லுடைக்கிற கூலி. குவாரியை மூடு என்று நகரத்திலிருந்து வருகிற நண்பர்கள் எளிதாகச் சொல்கிறார்கள். சம்மட்டி பிடித்த கைக்கு மாற்று வேலை என்ன என்று அவர்களிடம் நான் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. ஆனால் எங்க அப்பா விசயத்தில் நான் பார்த்தது இது: கரடு நாலே வருசத்தில் தீர்ந்தது. குத்தகைக்காரர் வேறு கரட்டுக்குப் போனார். எங்க அப்பாவுக்கு மிஞ்சினது நெஞ்சுச் சளியும் ஒரு கண்ணில் கல் தெறித்த காயமும். குள்ளர் வீடும் போச்சு, கூலியும் போச்சு. கல்லைக் காப்பதா கூலியைக் காப்பதா என்று நம்மிடம் கேட்கிறவன், இரண்டையும் எடுத்துக்கொண்டு போகிறவனாகத்தான் இருக்கிறான்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. ஒவ்வொரு ஊரும் தன் இடங்களைத் தானே பட்டியல் போட வேண்டும். கல்வீடு, கற்கோடரி மேடை, கோயில்காடு, ஊற்று, சுடுகாடு, சேரியில் தாழி வருகிற இடம் எல்லாம். பேர், கதை, எல்லை எழுதி, கிராம சபையில் தீர்மானமாகப் போட வேண்டும். சமூக வன உரிமை மனுவில் அதைச் சேர்க்க வேண்டும். ஒரு நாள் ஏல அறிவிப்பு வந்தால் எடுத்துக் காட்டக் கையில் ஒரு தாளாவது இருக்கும். மலையாளி மக்கள் வாழும் மலைகளை ஐந்தாம் அட்டவணையில் சேர்க்கக் கேட்க வேண்டும். தொல்லியல் துறை வந்தால், கல்லை எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால் அந்த ஊரைக் கேட்கச் சொல்ல வேண்டும். படித்த நம் பிள்ளைகள் வரலாற்று முனைவர் பட்டத்துக்குச் சோழனை விட்டுவிட்டுக் கொஞ்ச காலம் இந்தக் கரடுகளில் அலையலாம்.

போன தையில் நான் ஊருக்குப் போயிருந்தேன். கரடு இருந்த இடம் இப்போது பள்ளம். தண்ணீர் தேங்கி நிற்கிறது. வருசா வருசம் யாராவது பிள்ளை விழுந்து சாகிறது. பள்ளத்தின் ஓரத்தில் முள்ளுக்குள்ளே ஒரே ஒரு பலகைக்கல் மட்டும் சாய்ந்து கிடக்கிறது. வட்ட ஓட்டையில் பாதி அதில் இருக்கிறது. எங்க அப்பா கடைசியாக உடைக்காமல் விட்டது அதுதான் என்று என் அண்ணன் சொன்னார். ஏன் விட்டார் என்று கேட்டேன்.

"தெரியலப்பா. அன்னிக்கி லோடு ரொம்பிடுச்சோ என்னமோ."

அந்தக் கல்லைப் பட்டியலில் முதலாவதாக எழுதியிருக்கிறேன்.